முடிச்சு எந்தப் பக்கம்?

அரூரில் என் மாமா குஷன் கடை வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரம். குஷன் கடை என்றால் சீட்டுக்கு ரெக்சின் போடுவது மட்டுமில்லை. ஆட்டோ டாப், ஜீப் படுதா, டெம்போவின் பின்னால் தொங்கும் திரை எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். பள்ளி விடுமுறை நாட்களில் எனக்கு அங்கே ஒரே வேலை, படுதா ஓரத்தில் கண்ணி அடிப்பது. துளை போட்டு, பித்தளை வளையத்தை வைத்து, உளி மாதிரி ஒன்றை அதன்மேல் நிறுத்தி, சுத்தியலால் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் வளையம் நெளிந்துவிடும், திட்டு விழும்.

வண்டிக்குத் திரை தைக்கச் சொல்லி யார் வந்தாலும் மாமா அளவெடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார். “பட்டன் உள்ள வெக்கவா, வெளிய வெக்கவா?”

பெரும்பாலும் “வெளிய” என்றுதான் சொல்வார்கள். ஸ்கூல் ஆட்டோக்காரர்கள் யோசிக்கவே மாட்டார்கள். “வெளியண்ண, பசங்க அவுத்துடுவானுங்க.” நானும் அப்படி ஒரு ஆட்டோவில்தான் போய்க்கொண்டிருந்தேன். மழை நாளில் திரையை மூடிவிட்டால், டிரைவர் இறங்கிச் சுற்றிவந்து பட்டனைக் கழற்றும்வரை உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். ஈரச் சாக்ஸ் நாற்றமும் ரெக்சின் நாற்றமும் சேர்ந்து அடிக்கும். திரை என்பது துணி, பட்டன் என்பதுதான் கதவு என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இருபது வருடம் கழித்து நாவல்கள் படிக்கும்போது மாமாவின் கேள்வி வேண்டாத விருந்தாளி மாதிரி கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழைய கதைகளில் எத்தனை வண்டிகள், எத்தனை பல்லக்குகள், எத்தனை திரைகள்! பட்டுத் திரை, செந்நிறத் திரை, காற்றில் அசையும் திரை. அதை எதில் மாட்டினார்கள், கொக்கியா, நாடாவா, முடிச்சா, முடிச்சென்றால் எந்தப் பக்கம் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. இதெல்லாம் ஒரு விமர்சகனின் கேள்வியா என்று கேட்கலாம். கேளுங்கள். நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு கதவைப் பார்த்தால் அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைவிட, அதைத் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கப் பழகியிருக்கிறேன்.

முதலில் வண்டியைப் பார்த்துவிடுவோம். நம் ஊர் ஜட்காவுக்கு இரண்டு சக்கரம், வளைந்த கூண்டு, பின்பக்கம் ஏறும் வழி. கீழே வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சாக்கோ ஜமுக்காளமோ போட்டிருக்கும். இந்தியில் ‘ஜட்கா’ என்றால் உலுக்கல். அதில் ஏறியவர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வண்டிக்குத் திரை என்று தனியாக ஒன்றும் கிடையாது. வேண்டுமென்றால் புடவையோ போர்வையோ பின்பக்கம் கட்டிக்கொள்வார்கள். கண்ணி, பட்டன் எதுவும் இல்லை, வெறும் முடிச்சுதான்.

என் ஆயா கல்யாணமாகி வந்தது அப்படித்தான். மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி அங்கிருந்து குதிரை வண்டி. புதுப் பெண்மேல் கண் பட்டுவிடும் என்று அவர் மாமியார் பழைய புடவை ஒன்றைப் பின்பக்கம் இழுத்துக் கட்டிவிட்டாராம். வழியில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “பொடவயத்தான் பாத்தேன்” என்றார். சாலையோரத்துப் புளியமரங்களின் நிழல் துணிமேல் விழுந்து விழுந்து நகர்ந்ததாம். அதை வைத்து மரங்களை எண்ணிக்கொண்டு வந்தாராம். எண்ணிக்கை நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டாராம். கொஞ்சம் விலக்கிப் பார்த்திருக்கலாமே என்றேன். “எப்பிடிடா கண்ணு விலக்கறது? முடிச்சு அந்தப் பக்கம் இல்ல இருந்துச்சு.”

சீமையில் இந்தச் சிக்கலை வேறு மாதிரி அணுகினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்களில் வண்டித் திரையை மாட்டுவதற்கான சாதனங்கள் மட்டுமே ஏராளம். வார இறுதி ஒன்றை அவற்றில் தொலைத்திருக்கிறேன். தோலில் பட்டன்துளை போட்டுக் குமிழில் மாட்டுவது, நீள்வட்டத் துளைக்குள் குமிழை நுழைத்துக் கால் திருப்புத் திருப்பிப் பூட்டுவது, சுருள்வில் உருளையில் தானே சுருண்டுகொள்ளும் திரை என்று பலவகை. அந்த உருளைக்கு ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் 1864இல் காப்புரிமை பெற்றார். நம் தையற்கடைகளில் டிச் பட்டன் என்று சொல்கிறோமே, அதன் மூதாதைக்கு ஜெர்மனியில் ஹெரிபெர்ட் பௌவர் 1885இல் காப்புரிமை வாங்கினார். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே முரண். வண்டி குலுங்கும்போது கழன்றுவிடக் கூடாது, கை வைத்தால் சட்டென்று கழல வேண்டும். பொறியாளனுக்கு இது இனிப்பான கணக்கு. ஆனால் ‘கை வைத்தால்’ என்கிற இடத்தில் கை யாருடையது? அதைக் காப்புரிமை ஆவணத்தில் தேடி என்ன பயன், அது நாவலாசிரியர் சொல்ல வேண்டியது.

தமிழில் இதைச் சொல்லாமல் தப்பிப்பது ரொம்ப எளிது, மொழியே உதவி செய்கிறது. ‘திரை விலகியது’ என்று எழுதிவிடலாம். விலகு என்பது தன்வினை. யாரும் விலக்க வேண்டாம், அதுவே விலகும். ஆங்கிலத்தில் இதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும், நமக்கு ஒற்று ஒன்றைக் குறைத்தால் போதும், ஆள் காணாமல் போய்விடுவார். மூடு என்பது இன்னும் தந்திரமான சொல். கதவு மூடியது, கதவை மூடினாள் என்று இரண்டு பக்கமும் ஓடும். ‘மூடுபல்லக்கு’ என்று சேர்த்து எழுதினால் வினைத்தொகை. மூடிய பல்லக்கா, மூடுகிற பல்லக்கா, மூடப்போகிற பல்லக்கா? காலத்தை ஒளித்துக்கொள்வது வினைத்தொகையின் இலக்கணம் என்று பள்ளியில் படித்தோம். இங்கே மூடியவரையும் சேர்த்து ஒளித்துக்கொள்கிறது.

மூடுபல்லக்கு என்றதும் உங்களுக்கு நினைவு வருவது எனக்கும் வருகிறது. பல்லக்குக்குக் குதிரை கிடையாதுதான், ஆனால் திரை விஷயத்தில் ஜட்காவின் கொள்ளுப்பாட்டி அதுவே. 1950இல் கல்கி இதழில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னின் முதல் பாகத்தில் பாதிக் கதையை அந்தப் பல்லக்குதான் சுமக்கிறது. பெரிய பழுவேட்டரையர் போகுமிடமெல்லாம் அது கூடவே போகிறது. வயதான கணவர் இளம் மனைவியை விட்டுப் பிரிய முடியாமல் அலைகிறார் என்று ஊர் சிரிக்கிறது. கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தில் இதை ஒருவர் நேராகவே கேட்டுவிடுகிறார். அதற்குப் பதிலாகத்தான் பல்லக்கிலிருந்து மதுராந்தகன் வெளியே வருகிறான். பிறகு, உள்ளே இருப்பவன் மதுராந்தகன் என்று நினைத்து வந்தியத்தேவன் தன் குதிரையைப் பல்லக்கின்மேல் மோதவிட்டு, பல்லக்குதான் வந்து இடித்தது என்று கூச்சல் போடுகிறான். திரை திறக்கிறது. உள்ளே நந்தினி.

பதினைந்து வயதில் இதைப் படித்தபோது எனக்கு இது ஆள்மாறாட்ட வேடிக்கை. இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தபோதுகூட, ‘கல்கி திரையை எழுதினார், கொக்கியை எழுதவில்லை’ என்று ஒரு குட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் திட்டம். அந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் படித்ததில் திட்டம் கெட்டுப்போனது. ஒரே பல்லக்கு, ஒரே திரை. மதுராந்தகன் அழைக்கப்பட்ட பிறகு வருகிறான், சோழ சிம்மாசனத்துக்கு உரிமை கோருகிறவன் அவன். நந்தினியை யாரும் அழைக்கவில்லை. வெளியே ஒருவன் கத்துகிறான், யாரென்று பார்க்க வேண்டும், திறக்கிறாள். பிறகு பனை இலச்சினை மோதிரத்தையும் அதே திறப்பின் வழியாகத்தான் அவனிடம் தருகிறாள். அடைத்துவைக்கப்பட்டவளாக ஊர் நினைக்கும் பெண்ணின் கையில் முடிச்சு இருக்கிறது, அரசனாகப்போகிறவன் கையில் இல்லை. கொக்கியைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் அது எந்தப் பக்கம் என்று கல்கி காட்டிவிட்டார். குட்டு எனக்குத்தான்.

கொக்கியையே எழுதியவரும் நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையில் மாதவி பன்னிரண்டு வயதில் ஆட வருகிறாள். இளங்கோ அவள் ஆடப்போகும் மேடையை எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்று கொத்தனாருக்குக் கொடுக்கும் கணக்காகவே கொடுக்கிறார். திரைகள் மூன்று: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கத்திலிருந்து உருவுவது, இரண்டு பக்கத்திலிருந்து வந்து சேர்வது, மேலே மறைந்திருந்து இறங்குவது. பட்டா பருத்தியா, சிவப்பா நீலமா என்பது பெயரில் இல்லை. எப்படி இயங்குகிறது என்பதுதான் பெயர். மாமா படித்திருந்தால் இளங்கோவைத் தன் ஆளாகவே சேர்த்துக்கொண்டிருப்பார். மேடைத் திரைக்கு இத்தனை துல்லியமான சொல் வைத்திருந்த மொழியில், பெண்கள் ஏறிய வண்டியின் திரைக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? என் ஊகம் இது: மேடைத் திரையை இழுப்பது ஒரு தொழில், அதைச் செய்கிறவர் பாராட்டுக்குரியவர். வண்டித் திரையைக் கட்டுகிறவர் அதை ஒரு செயலாகவே நினைப்பதில்லை. ஆயாவின் மாமியாரைக் கேட்டிருந்தால் ‘சும்மா கட்டினேன்’ என்றிருப்பார்.

இப்போது பிரான்சுக்குப் போக வேண்டியிருக்கிறது. உலக இலக்கியத்தின் மிகப் பிரபலமான திரை போட்ட குதிரை வண்டி அங்கேதான் ஓடுகிறது. ஃப்ளாபெரின் ‘மதாம் பொவாரி’, மூன்றாம் பாகம், முதல் அத்தியாயம். எம்மாவும் லியோனும் ரூவான் தேவாலய வாசலில் வாடகை வண்டி ஏறுகிறார்கள். திரைகள் இறங்குகின்றன. அதன்பின் நமக்குக் கிடைப்பது தெருப்பெயர்களின் பட்டியல் மட்டும். வண்டிக்காரன் எங்கே நிறுத்தப் பார்த்தாலும் உள்ளேயிருந்து கோபக் குரல் வருகிறது, போ என்று. அவனுக்கு வேர்க்கிறது, தாகம் எடுக்கிறது, அழுகைகூட வந்துவிடும் போலிருக்கிறது. நடுப்பகலில் மஞ்சள் திரைக்கு அடியிலிருந்து கையுறை இல்லாத ஒரு கை வெளியே வந்து காகிதத் துண்டுகளை வீசுகிறது. லியோனை விலக்குவதற்காக எம்மா எழுதிவைத்திருந்த கடிதம் அது. மாலை ஆறு மணி வாக்கில் முகத்திரை போட்ட ஒரு பெண் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள். அவ்வளவுதான்.

1856இல் இந்த நாவலைத் தொடராக வெளியிட்ட இதழின் ஆசிரியர்களே இந்தப் பகுதியைப் பயந்து வெட்டிவிட்டார்கள். அப்படியும் 1857இல் வழக்கு வந்தது, ஃப்ளாபெர் விடுதலையானார். காட்சியில் ஒரு முத்தம்கூட இல்லை என்பதை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. மாமாவின் கேள்வியோடு படித்தால் கண்ணில் படுவது வேறு. திரையின் பிடி உள்ளே இருக்கிறது. ஊர் முழுக்க வெளியே நின்று வாய்பிளக்கிறது, ஓட்டுகிறவனுக்கே ஒன்றும் தெரியாது, உள்ளே இருப்பவர்கள்தான் எவ்வளவு திறக்க வேண்டும், எதை வெளியே விட வேண்டும் என்று முடிவுசெய்கிறார்கள். எம்மாவின் வாழ்க்கையில் அவள் இஷ்டத்துக்குத் திறந்து மூடிய இடங்கள் எத்தனை இருந்தன? வாடகைக்கு எடுத்த ஒரு வண்டி, ஒரு பகல்பொழுது. ஃப்ளாபெர் அந்த வண்டியைக் கல்லறையோடு ஒப்பிடுகிறார், அதைவிட இறுக்கமாக மூடியது என்கிறார்.

இந்தக் கல்லறையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரொக்கேயா சகாவத் ஹுசைனை நம்மில் பலருக்கு ‘சுல்தானாவின் கனவு’ வழியாகத்தான் தெரியும். 1905இல் ஆங்கிலத்தில் எழுதியது, பெண்கள் ஆளும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கும் கதை. எனக்கு அதைவிட அவரது ‘அபரோத்பாசினி’ பெரிய புத்தகமாகத் தோன்றுகிறது. 1931இல் வங்காளத்தில் வந்தது. கோஷாவைப் பற்றிய நாற்பத்தேழு குட்டிச் சம்பவங்கள், சில அரைப்பக்கம்கூட இருக்காது. கோஷா என்கிற சொல் நமக்குப் புதிதில்லை. 1885இல் தொடங்கிய திருவல்லிக்கேணிப் பெண்கள் மருத்துவமனைக்கு எத்தனை பெயர் மாறினாலும் சென்னைக்காரர்களுக்கு அது கோஷா ஆஸ்பத்திரிதான். ரொக்கேயா கோபப்படுவதில்லை, நடந்ததைச் சொல்கிறார், அடுத்ததற்குப் போகிறார். ரயில் மாறும்போது புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்த பெண்ணை ஆண்கள் யாரும் தொடக் கூடாது என்று பணிப்பெண் தடுத்த கதையும் அதில்தான் வருகிறது. ரயில் எவ்வளவு நேரம்தான் காத்திருக்கும்?

கடைசிச் சம்பவம் அவர் பள்ளியைப் பற்றியது. கல்கத்தாவில் 1911இல் எட்டு மாணவிகளோடு தொடங்கிய பள்ளி. மாணவிகளை அழைத்துவர வண்டி வேண்டும், வண்டி என்றால் கோஷா வேண்டும். புதிதாக மோட்டார் வண்டி ஒன்று செய்யச் சொல்லி வாங்குகிறார்கள். குதிரை போய் என்ஜின் வந்துவிட்டது, ஆனால் மூடுவது மட்டும் அப்படியே இருக்கிறது, முன்னைவிட நேர்த்தியாக. முன்பக்கமும் பின்பக்கமும் கதவுக்கு மேலே துண்டுத் துண்டாக ஒரு சல்லடை. மூன்று அங்குல அகலம், ஒன்றரை அடி நீளம். அது மட்டும் இல்லையென்றால் காற்றுப் புகாத வண்டி என்றே சொல்லிவிடலாம் என்கிறார். ரொக்கேயா இங்கே இளங்கோவின் பேத்தி, அளவை விடுவதில்லை.

முதல் நாள் பிள்ளைகள் வெக்கையில் துடிக்கிறார்கள். சிலர் வாந்தி எடுக்கிறார்கள், சின்னவர்கள் இருட்டுக்குப் பயந்து அழுகிறார்கள். இரண்டாம் நாள் ஐரோப்பிய ஆசிரியை ஒருவர் கதவின் அடைப்பை எடுத்துவிட்டு வண்ணத் திரை தொங்கவிடுகிறார். அப்படியும் மயக்கம், தலைவலி. மாலையில் இரண்டு பக்க ஜன்னல்களின் அடைப்பையும் இறக்கிவிட்டு அங்கேயும் திரை போடுகிறார்கள். அன்று சாயங்காலம் ஒரு தோழி வந்து, ஏதோ பீரோவை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன் என்கிறார். அவர் வீட்டுப் பையன் அதற்கு ஓடும் இருட்டறை என்று பெயரே வைத்துவிட்டானாம். மூன்றாம் நாள் சில தாய்மார்கள் வருகிறார்கள். பிள்ளைகளை உயிரோடு கல்லறையில் அடைக்கிறீர்களே என்கிறார்கள்.

மீண்டும் கல்லறை. எழுபத்தைந்து ஆண்டுகள், இரண்டு கண்டங்கள், இரண்டு மூடிய வண்டிகள், ஒரே உவமை. ஃப்ளாபெரின் கல்லறைக்குள் இருப்பவர்கள் வண்டியை நிற்க விடாமல் ஓட்டச் சொல்கிறார்கள். ரொக்கேயாவின் கல்லறைக்குள் இருப்பவர்கள் வாந்தி எடுக்கிறார்கள். உவமையை மட்டும் எடுத்து ஒப்பிட்டு, மூடிய வண்டி என்கிற படிமம் என்று ஒரு கட்டுரை எழுதினால் (நம் கருத்தரங்குகளில் எழுதுவார்கள்) இரண்டையும் ஒன்றாக்கிவிடுவோம். மூடியிருப்பது இரண்டுக்கும் பொது. பிடி எந்தப் பக்கம் என்பதில்தான் ஒன்று சுதந்திரமாகவும் மற்றது மூச்சுத்திணறலாகவும் ஆகிறது. படிமத்தைப் பார்க்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது, பட்டனைப் பார்க்கிற பழக்கம் இல்லை.

ரொக்கேயாவின் கதை அதோடு முடியவில்லை. அன்று மாலைத் தபாலில் நான்கு கடிதங்கள். ஆங்கிலத்தில் ஒன்று, இஸ்லாமியச் சகோதரன் என்று மட்டும் கையெழுத்துப் போட்டது. உருதுவில் மூன்று, அவற்றில் இரண்டுக்குப் பெயரே இல்லை. எல்லாவற்றிலும் ஒரே விஷயம்: வண்டியின் இரண்டு பக்கத் திரையும் காற்றில் பறக்கிறது, அதனால் கோஷா கெடுகிறது. நாளைக்குள் சரியான ஏற்பாடு செய்யாவிட்டால் உருதுப் பத்திரிகைகளில் எழுதுவோம், பிள்ளைகள் வராமல் செய்வோம்.

இதைப் படித்துவிட்டு நான் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டேன். திரை இருப்பது போதாது, திரை பறக்கக் கூடாது. ஒரு பள்ளிக்கூடம் நடக்குமா நிற்குமா என்பது துணியின் கீழோரத்தில் கொக்கி இருக்கிறதா என்பதில் வந்து நிற்கிறது. இந்தக் கொக்கியை எழுதிய ஒரே ஆளாக எனக்குத் தெரிந்தவர் ரொக்கேயாதான். அதுவும் இல்லாத கொக்கியை. அவர் அதை உவமையாக்கவில்லை, அவருக்கு அது மறுநாள் காலை எட்டு மணிப் பிரச்சினை. திறந்தால் இவர்கள், மூடினால் அவர்கள், நடுவில் நான் என்று அலுத்துக்கொண்டு புத்தகத்தை முடித்துவிடுகிறார். இலக்கிய நயம் என்று நாம் பாராட்டும் எதுவும் அந்தப் பக்கங்களில் இல்லை. அளவு இருக்கிறது, நாள் வாரியாகக் கணக்கு இருக்கிறது, வந்த தபால்களின் எண்ணிக்கை இருக்கிறது. அந்த வறட்டுத்தனத்தாலேயே எனக்கு அது ஃப்ளாபெர் பக்கத்தில் நிற்கக்கூடியதாகத் தெரிகிறது. ஃப்ளாபெர் வண்டிக்கு வெளியே நிற்கிறார், உள்ளே நடப்பது அவருக்கு ரகசியம், அந்த ரகசியம்தான் கலை. ரொக்கேயாவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும், தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியவர்களில் அவரும் ஒருவர்.

தமிழில் இப்படி ஒரு வண்டியை உள்ளேயிருந்து யாராவது எழுதியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நான் படித்த கதைகளில் வண்டியிலிருந்து இறங்கும் பெண்கள் நிறைய. அழகாக இறங்குகிறார்கள், கொலுசு தெரிகிறது. வருகிற வழியில் அவர்கள் எதை எண்ணிக்கொண்டு வந்தார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆயாவின் புளியமர நிழல்கள் ஒரு நல்ல சிறுகதையின் முதல் பத்தி. என்னால் எழுத முடியாது, இரண்டு முறை முயன்றேன், இரண்டிலும் நான் வண்டிக்கு வெளியேதான் நின்றேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ரொக்கேயாவின் வண்டிக் கதையை மாமாவிடம் சொன்னேன். கடையை விட்டுவிட்டார், முழங்கால் வலி. கதையை முழுசாகக் கேட்டார். சல்லடையின் அளவைத் திரும்பக் கேட்டு, “மூணு இஞ்சா? அதுல கோழி கூட மூச்சு வுடாதே” என்றார். பிறகு அங்கே கிடந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் பேனாவால் ஒரு ஜன்னல் வரைந்தார். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, நடுவில் கொசுவம் வைத்த துணி. இரண்டு ஓரத்திலும் கோர்த்துவிட்டால் பறக்காது என்றார். வரைந்ததை ஒரு தரம் பார்த்தார். “ஆனா காத்தும் வராது” என்று கீழ்க் கம்பியை அடித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, “உள்ளேந்து அவுக்கற மாதிரி வேணும்னாங்களா, வெளியேந்தா?” என்று கேட்டார்.

“அது கடிதத்துல இல்ல மாமா.”

“கேக்காம எப்பிடி தெக்கறது?” என்றவர் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.